காட்பாடி வரை பஸ், அப்புறம் எக்ஸிக்யூட்டிவ்

"உங்க ஊருக்கு எந்த ரயில்ல வரணும்?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆரணிக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொல்வோம். ரயில் இருக்கு, ஆனா இல்லை. 'ஆரணி ரோடு' என்ற பெயரில் ஒரு ஸ்டேஷன் உண்டு. அது இருப்பதோ களம்பூரில், ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல. காட்பாடி - விழுப்புரம் பாதையில் போகிற வண்டிகள் அங்கே நிற்கும். பொன்னி அரிசிக்குப் பேர்போன களம்பூருக்கு ரயில்; பட்டுக்குப் பேர்போன ஆரணிக்கு பெயர்ப்பலகை. 2009 தேர்தலிலிருந்து ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கே பெயர் கொடுத்திருக்கிற ஊர் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெங்களூர் போக வேண்டுமென்றால் நமக்குக் காட்பாடிதான் கதி. கண்ணமங்கலம் வழியாக வேலூர், அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி. நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பட்டு வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த ரோடு மனப்பாடம். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, நெய்த புடவையில் ஒரு பங்கு கர்நாடகத்துக்கே திரும்பிப் போகிறது. சிக்பேட்டையில் ஆரணிப் புடவை தெரியாத மொத்த வியாபாரி இருக்க முடியாது. காஞ்சிபுரம் அளவுக்கு கனம் இருக்காது, விலையும் கையைக் கடிக்காது, தினப்படி விசேஷத்துக்குக் கட்டலாம் என்று அதற்கென்று ஒரு கூட்டம் அங்கே இருக்கிறது.

இந்தப் பதிவு புடவையைப் பற்றியதல்ல, வந்தே பாரத்தில் எக்ஸிக்யூட்டிவ் பெட்டியில் போனதைப் பற்றி. "அந்த டிக்கெட்டுக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸாப்பில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நானாக எடுத்த டிக்கெட் இல்லை அது. பெரியப்பா மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் வீட்டில் ஒரு விசேஷம். பெரியப்பாவைக் கூட்டி வர வேண்டியது என் பொறுப்பு; எனக்கும் சிக்பேட்டையில் ஒரு வசூல் பாக்கி. நான் சேர் கார் போடப் போனேன். அக்கா போனிலேயே தடுத்துவிட்டாள். "அப்பாவால மூணு பேர் சீட்டுல நடுவுல ஒடுங்கி உக்கார முடியாதுடா. பெரிய சீட்டா போடு, பணம் நான் அனுப்பறேன்." அனுப்பியும் விட்டாள். பெரியப்பா காலம் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்தவர். குழிக்குள் கால், முன்னால் பாவு, இடுப்பு எப்போதும் வளைந்தபடி. எங்கள் ஊரில் அறுபது தாண்டிய நெசவாளி யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். கை தானாக இடுப்புக்கும் முட்டிக்கும்தான் போகும்.

முதலில் வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. வந்தே பாரத் நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்தது. சுதான்ஷு மணி அங்கே பொது மேலாளராக இருந்தபோது, 2018-ல், ஒன்றரை வருஷத்தில் கட்டி முடித்து 'டிரெயின் 18' என்று பெயர் வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் டெல்லி - வாரணாசி இடையே ஓட ஆரம்பித்தது. செய்தது சென்னையில் என்றாலும், தென்னிந்தியாவுக்கு முதல் வண்டி வர 2022 நவம்பர் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் சென்னை சென்ட்ரல் - மைசூரு வண்டி. காட்பாடியில் நின்று, பெங்களூர் வழியாகப் போவது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த கோயம்புத்தூர் வந்தே பாரத்தும் காட்பாடி வழியாகத்தான் போகிறது. ஆனால் நிற்காது, முதல் நிறுத்தம் சேலம். பிளாட்பாரத்தில் நின்று அது போவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சென்னையில் காலை ஆறுக்கு முன்னாலேயே கிளம்பி, ஏழே கால் வாக்கில் காட்பாடிக்கு வருகிறது மைசூர் வண்டி. அதைப் பிடிக்க ஆரணியில் ஐந்து மணிக்குள் பஸ் ஏறியாக வேண்டும். அப்படியென்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். பெரியப்பா இரண்டரைக்கே எழுந்து, குளித்து, நெற்றியில் பட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. கண்ணமங்கலம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எக்ஸிக்யூட்டிவ் டிக்கெட் என் பையில் பத்திரமாக இருந்தது.

காட்பாடியில் வண்டி நிற்பது இரண்டு, மூன்று நிமிஷம்தான். கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். ஏற்றிவிட வந்தவர்கள் பெட்டிக்குள் போய், பையை வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, ஒரு செல்ஃபியும் எடுத்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தால் அடுத்த ஸ்டேஷன் பெங்களூர்தான். இந்த வண்டிகள் வந்த புதிதில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் வீடியோக்கள் நாடு முழுக்கச் சுற்றின. அதனால் தாத்தா பாட்டியை ஏற்றிவிடப் போகிறவர்கள் பிளாட்பாரத்திலேயே கையசைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிக்யூட்டிவ் பெட்டிகள் வண்டிக்கு நடுவில் இருக்கும். இந்தப் பாதைக்கு முதலில் வந்தது பதினாறு பெட்டி வண்டி. மொத்தம் 1,128 இருக்கை, அதில் எக்ஸிக்யூட்டிவ் பெட்டி இரண்டு, பெட்டிக்கு 52 சீட்டு. சேர் காரில் அதே நீளப் பெட்டிக்குள் 78 சீட்டு. வித்தியாசம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சேர் காரில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. இங்கே இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. இருபத்தாறு பேருடைய இடத்தை எடுத்து மற்ற ஐம்பத்திரண்டு பேருக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். கை வைக்க இடம், முழங்காலுக்கு இடம், பக்கத்தில் இருப்பவர் தூங்கி நம் தோளில் சாயாத அளவுக்கு இடம்.

பெரியப்பா உட்கார்ந்தார். உடனே சாயவில்லை. கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருந்தார், அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்துவிட்ட மாதிரி. பிறகு கையால் சீட்டின் விளிம்பைத் தடவி, தலைக்கு மேல் பரண் வரை பார்த்து, "இன்னாடா, இவ்ளோ எடத்த சும்மா வுட்டு வெச்சிருக்கான்?" என்றார்.

இந்தப் பெட்டியின் பெரிய வித்தை, சீட்டு சுழல்வது. நூற்றெண்பது டிகிரி திரும்பும். நாலு பேர் சேர்ந்து போனால் முன் வரிசையைத் திருப்பி எதிரும் புதிருமாக உட்காரலாம். திரும்பும்போது வண்டி எதிர்த்திசையில் போனாலும் சீட்டைத் திருப்பி எல்லோரும் முன்னே பார்த்தே போகலாம். கீழே ஒரு மிதி இருக்கிறது. அதை அழுத்தினால் பூட்டு விடுபட்டு சீட்டு சுற்றும். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்துப் பையன் அதை மிதித்துத் திருப்புவதைப் பெரியப்பா பார்த்தார். அதுவரை சும்மா இருந்தவர் குனிந்து, மிதியை உற்றுப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஒரு தடவை மெல்ல அழுத்தினார். எழவில்லை, சீட்டைத் திருப்பவும் இல்லை. மிதி எவ்வளவு இறங்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று பார்த்தார். "கெட்டியா இருக்குது. எண்ண வுடல போல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். அவர் காலுக்குத் தெரியாத மிதியா.

அதற்கப்புறம்தான் சாய்ந்தார்.

காட்பாடி தாண்டினால் குடியாத்தம். லுங்கி நெய்கிற ஊர். பெரியப்பாவுக்கு அங்கே பழைய சினேகிதர்கள் உண்டு, இப்போது எத்தனை தறி ஓடுகிறதோ என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு ஆம்பூர், வாணியம்பாடி. பிரியாணியும் தோலும். இந்த வண்டியில் ஜன்னல் திறக்காது, இங்கெல்லாம் நிற்காது, அதனால் வாசனை கிடையாது. இடது பக்கம் ஏலகிரி கொஞ்ச நேரம் கூடவே வரும். ஜோலார்பேட்டை போனதும் பாதை மேலே ஏற ஆரம்பிக்கிறது. எந்த வண்டியாக இருந்தாலும் இங்கே வேகம் குறையத்தான் செய்யும். குப்பம், பங்காருப்பேட்டை வழியாகப் பத்தே கால் வாக்கில் பெங்களூர்.

வேகத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். வண்டி ஓடும், பாதை விட வேண்டுமே. சென்னையிலிருந்து மைசூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், சராசரி எண்பதுக்கும் கீழே. 1994 முதல் ஓடுகிற மைசூர் சதாப்தியோடு ஒப்பிட்டால் மிச்சம் அரை மணி நேரம் போலத்தான். இதில் இன்னொரு விஷயம்: எக்ஸிக்யூட்டிவ் பெட்டிக்கும் சேர் காருக்கும் பெங்களூர் ஒரே நேரத்தில்தான் வரும். கூடுதல் காசு எதற்கு என்று கேட்கிறவர்களின் வாதம் இதுதான், அதில் தப்பும் இல்லை.

காசு என்று வந்தாச்சு, அதையும் பார்த்துவிடுவோம். வண்டி விட்ட புதிதில் சென்னையிலிருந்து மைசூருக்குச் சேர் கார் 1,200 ரூபாய், எக்ஸிக்யூட்டிவ் 2,295 ரூபாய். சாப்பாடு சேர்த்து. ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பார்த்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. தட்டில் ஒன்றிரண்டு ஐட்டம் கூட இருக்கும், பேப்பர் வரும், சீட்டு சுற்றும். ஏ.சி. ஒன்றுதான், கழிப்பறை ஒரே ரகம்தான், பணிவாகப் பேசுகிற பையன்களும் அதே பையன்கள்தான். ஆக நீங்கள் கொடுக்கிற இன்னொரு மடங்கு முழுக்க இடத்துக்கான வாடகை.

காந்தி இதே கணக்கை 1917-ல் போட்டிருக்கிறார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய கட்டுரை பிரசித்தம். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்கு, அட பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. அந்த வகையில் வந்தே பாரத் நியாயமான வண்டி என்றே சொல்வேன். சேர் காரில் வருகிறவருக்குப் பாதி வசதி அல்ல, முக்கால் வாசிக்கும் மேலேயே கிடைக்கிறது. ஆனால் காந்தி உட்கார்ந்து வந்த பெட்டியில் வருகிற கூட்டத்துக்கு இந்த வண்டியில் இடமே கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு லால்பாக், பிருந்தாவன். 1964 முதல் ஓடுகிற பிருந்தாவனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடிப் போன தறிக்காரர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் போனது அதில்தான்.

வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வந்தே பாரத் மூட்டைக்காரர்களின் வண்டி அல்ல. தலைக்கு மேல் இருக்கும் பரண் டிராலிப் பைக்குச் சரி. துணியில் கட்டிய புடவை மூட்டையைத் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. எக்ஸிக்யூட்டிவ் என்றாலும் பரண் அதே பரண்தான். சரக்கை வழக்கம்போல பார்சலில் போட்டுவிட்டு, மாதிரிப் புடவை நாலைந்தும் பில் புத்தகமும் மட்டும் கையில் எடுத்துப் போவதென்றால் இது அருமையான வண்டி. பத்தே கால் வாக்கில் பெங்களூர் ஸ்டேஷன். வெளியே வந்து மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே சிக்பேட்டை. நீங்கள் போய்ச் சேரும்போது அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருப்பார்கள். காலை முதல் ஆளாகப் போய் நிற்கிறவனுக்கு வசூல் கொடுக்காமல் அனுப்புவது கொஞ்சம் கஷ்டம். அது என் அனுபவம்.

ஆனால் திரும்பும் வண்டி இடிக்கும். மதியம் மூன்று மணிக்கு முன்னாலேயே பெங்களூரை விட்டுக் கிளம்பிவிடுகிறது. சேட்டு, "லஞ்சுக்கு அப்புறம் வாங்க, செக் ரெடியா இருக்கும்" என்றாரென்றால் போச்சு. வசூலுக்குப் போகிறவர்கள் காலையில் வந்தே பாரத்தில் போய், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் புறப்படும் சதாப்தியில் திரும்புவது உத்தமம். காட்பாடியில் இறங்கி, கடைசி பஸ்ஸுக்குள் வேலூர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இத்தனைக்கும் நடுவில் என்னை உறுத்திய விஷயம் ஒன்றுதான். ரயிலுக்கு இரண்டு மடங்கு கொடுத்து பெரியப்பாவின் இடுப்புக்கு மூன்று மணி நேரம் நிம்மதி வாங்கினோம். அதற்கு முன்னால் பஸ்ஸில் போன இரண்டு மணி நேரத்தில் அந்த இடுப்பு பட்ட பாட்டுக்கு எந்தக் கவுண்டரிலும் டிக்கெட் இல்லை. கார் வைத்துப் போகலாம்தான். அந்த வாடகையையும் சேர்த்தால் ரயில் டிக்கெட் மலிவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சென்னைக்காரருக்கு சென்ட்ரல் வாசலில் தொடங்குகிற சொகுசு, ஆரணிக்காரருக்குப் பாதித் தூரம் போன பிறகு தொடங்குகிறது.

ரயிலுக்கு நாம் புதிய பிரதேசமும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது வாலாஜா ரோட்டுக்கு. நமக்கு ஆற்காடு தாண்டினால் அந்த இடம். நூற்றெழுபது வருஷம் ஆகப் போகிறது. அந்தத் தண்டவாளம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஆரணிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வராது என்றும் சொல்லிவிட முடியாது. திண்டிவனம் - நகரி புது ரயில் பாதைத் திட்டம் காகிதத்தில் இருக்கிறது, கொஞ்சம் மண்ணிலும் இருக்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ரோடு, சோளிங்கர், பள்ளிப்பட்டு வழியாக நகரிக்கு, சுமார் 180 கிலோமீட்டர். அரக்கோணம் எம்.பி. ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சராக இருந்த காலத்தில், 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அப்போது பிறந்த குழந்தைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், வேலூருக்கு, பஸ்ஸில். நிலம் எடுப்பது ஒரு பக்கம் இழுக்க, பணம் ஒதுக்குவது இன்னொரு பக்கம் இழுக்க, வருஷா வருஷம் பட்ஜெட் அன்றைக்கு மட்டும் எங்கள் ஊர் டீக்கடையில் அந்தப் பாதைக்கு உயிர் வரும்.

அந்தப் பாதை வந்தால் ஆரணியில் வந்தே பாரத் நிற்குமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நிற்க வேண்டாம் ஐயா. காலையில் வாலாஜா ரோட்டுக்கு ஒரு பாசஞ்சர், ராத்திரி திரும்ப ஒரு பாசஞ்சர், போதும். உட்கார மரப்பலகை போதும். சீட்டு சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். பெங்களூரில் இறங்கும்போது டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். நான் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே நின்றுவிட்டார். ஒரு புடவை இறக்க எத்தனை நாள் குழியில் உட்கார வேண்டும், அதற்குக் கூலி என்ன, அதில் இந்த டிக்கெட் எத்தனை நாள் உழைப்பு என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "சௌரியமாத்தான் இருந்துச்சி. வரும்போது சாதாரணத்துல போட்டுடு" என்றார். அக்கா விடவில்லை, திரும்பும்போதும் அதே பெட்டிதான். இந்த முறை ஏறியதும் சாய்ந்துகொண்டார். ஜோலார்பேட்டை தாண்டியது அவருக்குத் தெரியாது, நல்ல தூக்கம்.

ஆக, கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில் இது. தனியாகப் போகிறீர்கள், உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் காட்பாடி - பெங்களூருக்கு சேர் கார் தாராளம். புக் செய்யும்போது ஜன்னல் சீட்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நடு சீட்டில் மாட்டாதீர்கள். மைசூர் வரை போகிறீர்கள், கூட அறுபது தாண்டியவர் இருக்கிறார், அதுவும் தறியில் உட்கார்ந்தவர் என்றால் யோசிக்காமல் எக்ஸிக்யூட்டிவ் போடுங்கள். சாப்பாடு வேண்டாமென்றால் டிக்கெட் போடும்போதே அந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் குறையும். வீட்டு இட்லியைப் பொடி தடவிக் கட்டிக்கொண்டு போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. வண்டி வாரத்தில் ஒரு நாள் ஓடாது, தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் விடிகாலை பஸ்ஸை நம்பாதீர்கள். முதல் நாள் ராத்திரியே வேலூரில் உறவுக்காரர் யார் வீட்டிலாவது தங்கிவிட்டுக் காலையில் ஆட்டோ பிடியுங்கள்.

அப்புறம், ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், திண்டிவனம் - நகரி பாதை எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்று மறக்காமல் கேளுங்கள்.